கைக்கெட்டும் கரும்பலகை

கோவை இலையையும் ஊமத்தை இலையையும் அடுப்புக்கரியோடு அரைத்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் கரும்பலகையில் பூசிவிட்டுப் போனால், திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்ததும் ஒரு பச்சை வாசனை வருமே, உங்களுக்கும் நினைவிருக்கும். மாணவனாக அந்தக் கரியை அரைத்த நான் 1986இல் ஓர் ஈராசிரியர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தபோது, முதலில் என்னை வரவேற்றதும் அதே வாசனைதான். பலகை என் தோள் உயரத்தில் இருந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அதில் எழுத வேண்டுமானால் நான் தூக்கிப் பிடிக்க வேண்டும். அது ஒரு குறையென்றே அப்போது எனக்குத் தோன்றவில்லை. பலகை வாத்தியாருக்கு, சிலேட்டு பிள்ளைக்கு.

மத்தியானச் சோற்றுக்குப் பிறகு நாற்பது குரல்கள் ஒரே குரலாக வாய்ப்பாடு சொல்லும். தெருவில் போகிறவர்களும் கூடவே முணுமுணுப்பார்கள். கடைசிப் பாடவேளையில் கதை. அந்த அரைமணி நேரத்துக்காகவே நான் ஆசிரியராக இருந்தேன் என்றுகூடச் சொல்வேன்.

ஆனால் தை பிறந்ததும் கரும்பு வெட்டப் போகும் குடும்பங்களோடு இரண்டு மூன்று மாதம் காணாமல் போகும் பிள்ளைகளை அந்த ஒரே குரல் கண்டுகொண்டதில்லை. திரும்பி வரும்போது பாடம் எங்கேயோ போயிருக்கும்; கடைசி வரிசையில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைக்கும். ஜூன் மாதத்தில் பள்ளிக்கே வராது. அப்படி எத்தனை பெயர்களை வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்தேன் என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

2003இல், எம்.பி.விஜயகுமார் ஆணையராக இருந்த காலத்தில், சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், ஆந்திரத்து ரிஷி வேலியைச் சுற்றியுள்ள சிற்றூர்ப் பள்ளிகளில் வேர்விட்ட அந்த முறை, 2007இல் எங்கள் ஊருக்கும் வந்தது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. தலைக்கு மேலே கம்பிப் பந்தல், தட்டுகளில் அட்டைகள், சுவரில் கற்றல் ஏணி. சுவரின் அடிப்பாகம் முழுக்கக் கருப்பு பூசிக் கட்டம் பிரித்து, பிள்ளைக்கு ஒன்றாகக் கீழ்மட்டக் கரும்பலகை. இருபது வருஷம் உழைத்தவனிடமிருந்து நாற்காலியைப் பிடுங்கிவிட்டார்கள் என்று வீட்டில் வந்து கொதித்தேன்.

அந்தப் பங்குனியில் கரும்புக் காட்டிலிருந்து திரும்பிய ஒரு சிறுமி, யாரையும் கேட்காமல் ஏணிக்குப் போய், விரலால் படிகளைத் தொட்டுத் தொட்டுத் தான் விட்டுப்போன இடத்தைக் கண்டுபிடித்து, அடுத்த அட்டையை எடுத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள். பிறகு தன் கட்டத்துக்குப் போய் எழுதினாள். அவளுக்கு எந்தப் பாடமும் தவறிப்போகவில்லை; அது அவளுக்காகவே அங்கே காத்திருந்தது. அன்றைக்குத்தான் நானும் பாயில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தால்தான் தெரிகிறது, குனிந்து எழுதும் பிள்ளையின் முகம் எப்படியிருக்கும் என்று.

ஒரே குரல் மட்டும் போய்விட்டது. ஆளுக்கொரு படியில் நிற்கும் பிள்ளைகளுக்குச் சேர்ந்து சொல்ல ஒரு வாய்ப்பாடு இல்லை, சேர்ந்து கேட்க ஒரு கதை இல்லை. அதற்காக நான் ஏங்கினேன். 2022இல், என் கடைசி வருஷத்தில், எண்ணும் எழுத்தும் திட்டம் வந்து பாட்டையும் கதையையும் பொம்மலாட்டத்தையும் வகுப்புக்குள் திரும்பக் கொண்டுவந்தபோது கண் கலங்கினேன். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலைக்கு வைத்த பெயர்களும் பிடித்திருந்தன. ஆனால் ஒவ்வொரு மதிப்பீட்டையும் செல்போன் செயலியில் ஏற்றும் நேரத்தில் ஆசிரியரின் கண் பிள்ளையின் முகத்தில் இல்லை. அது சின்ன இழப்பென்று என்னால் நினைக்க முடியவில்லை.

போன மாதம் அந்தப் பள்ளிக்குப் போயிருந்தேன். சுவரில் பெரிய திரை. யானை நடந்து வந்தது, எவ்வளவு அழகு! ஒரு பையன் அதைத் தொட எம்பினான். எட்டவில்லை. கீழே, உரிந்து வெளுத்த பழைய கட்டத்தில் உட்கார்ந்து தும்பிக்கையை வரையத் தொடங்கினான்.

“கடைப் பெயின்ட் நிக்கவே மாட்டேங்குது சார், அப்பல்லாம் என்ன பூசுவீங்க?” என்று கேட்டார் இப்போதைய டீச்சர். சொன்னேன். கோவை வேலியில் இருக்கிறது. அடுப்புக்கரிக்கு எங்கே போவது? தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் ஒரு பொட்டலம் கரி வாங்கி வந்து கொடுத்தேன்.