செப்டிக் டேங்கைப் பராமரிக்காமல் இருப்பது எப்படி?

வாழ்த்துகள், வீடு கட்டிவிட்டீர்கள். தரைக்கு மேலே உள்ளதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறீர்கள். தரைக்குக் கீழே உள்ளதை எப்படிக் கண்டுகொள்ளாமல் விடுவது என்பதை மட்டும் நான் சொல்லித் தருகிறேன். பாதியை ஏற்கெனவே செய்திருப்பீர்கள். மீதியையும் விட்டுவைக்க வேண்டாம்.

1. இடத்தை வாஸ்துவிடம் விட்டுவிடுங்கள். டேங்குக்கு வாயு மூலை, அதாவது வடமேற்கு. உங்கள் வடமேற்கு மூலை மேற்கு வீட்டுக்காரருக்கு வடகிழக்கு, ஈசானியம். அவரும் வாஸ்து பார்த்தவர்தான்; போரை அங்கேதான் போட்டிருப்பார். உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் குறைந்தது 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணய விதி. உங்களுக்கு நடுவே இருப்பதோ ஒரு காம்பவுண்டுச் சுவர். கவலை வேண்டாம், கிழக்கு வீட்டுக்காரர் இதையே உங்கள் போருக்குச் செய்துகொண்டிருக்கிறார்.

2. அடியில் காங்கிரீட் போடாதீர்கள். முறையான தொட்டி என்றால் அடியும் பக்கமும் பூசியிருக்கும், நடுவே ஒரு தடுப்புச் சுவர் இருக்கும். கனமானது அடியில் கசடாகத் தங்கும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கும், நடுவில் தெளிந்த நீர் மட்டும் உறிஞ்சு குழிக்குப் போகும். இவ்வளவு வம்பு எதற்கு? "நாலு உறை இறக்கிடலாம் சார், ஆயுசுக்கும் லாரி கூப்பிட வேணாம்" என்பார் கொத்தனார். தட்டாமல் கேளுங்கள். பத்து வருஷமாக நிரம்பாத டேங்க் என்று உறவுக்காரர்களிடம் பெருமை பேசுங்கள். அப்படியானால் அதெல்லாம் எங்கே போகிறது என்று யாராவது கேட்டால், போர் தண்ணீரில் ஒரு காபி போட்டுக் கொடுங்கள்.

3. வெளியேறும் குழாயில் உள்ள 'டீ'யைக் கழற்றி எறியுங்கள். மிதக்கும் பிசுக்கு உறிஞ்சு குழிக்குப் போகாமல் தடுப்பதுதான் அதன் ஒரே வேலை. மண்ணின் துளைகள் அடைபட்ட பிறகு, மழையைத் திட்டிக்கொள்ளலாம்.

4. பாக்டீரியாவைத் தலையெடுக்க விடாதீர்கள். காற்றில்லாமலே வாழ்ந்து கசடைத் தின்று குறைக்கும் ஜீவன் அது. உங்கள் குடும்பமே தினமும் காலையில் அதை இலவசமாக அனுப்பிவைக்கிறது. வாரம் தவறாமல் ஆசிட் ஊற்றுங்கள், மேலே பிளீச்சிங் பவுடர் தூவுங்கள். நாற்றம் வந்ததும் கடைக்குப் போய் பாக்டீரியா பவுடர் வாங்கி வந்து கொட்டுங்கள். பக்கத்து வீட்டு மாமி வெல்லம் கரைத்து ஊற்றச் சொன்னால் அதையும் ஊற்றுங்கள். அடுத்த ஞாயிறு மறுபடி ஆசிட்.

5. நாப்கின், டயப்பர், வெட் வைப்ஸ், வடை சுட்ட எண்ணெய். குப்பைக்காரர் வராத நாளில் வேறு என்ன செய்வது? மொட்டைமாடி மழைநீரையும் அதிலேயே இணைத்துவிடுங்கள்.

6. காற்றுக்குழாய் வீட்டின் முகப்பைக் கெடுக்கிறது, பாதியில் வெட்டுங்கள். நுனியில் கொசுவலை கட்டாதீர்கள். சாயங்காலம் ஆனதும் அந்த வாயிலிருந்து கொசு புகை மாதிரிக் கிளம்பும். மாநகராட்சி மருந்தடிக்கவில்லை என்று புகார் கொடுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

7. மூடியைப் புதையுங்கள். கார் போர்ச்சில் டைல்ஸ் ஒட்டும்போது அந்த இடத்தையும் சேர்த்து ஒட்டிவிடுங்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கசடு எடுக்க வேண்டும் என்பது புத்தகத்தில் உள்ளது. நீங்கள் தீபாவளிக்கு முதல் நாள் கீழ் பாத்ரூமில் தண்ணீர் எதிர்த்து வரும்வரை காத்திருங்கள். பிறகு மூடி எங்கே இருக்கிறது என்று வீட்டோடு நின்று விவாதியுங்கள். கடப்பாரை முதலில் இறங்கும் இடம் எப்போதும் தவறாகத்தான் இருக்கும்.

8. லாரிக்காரரிடம் லைசென்ஸ் கேட்காதீர்கள், ரேட்டை மட்டும் பேசுங்கள். ஐநூறு குறைக்கிறவர் சுத்திகரிப்பு நிலையம் வரை வண்டியை ஓட்டமாட்டார், ஏரிக்கரை பக்கத்தில்தானே இருக்கிறது.

9. குழாய் போட்டு உறிஞ்சிய பிறகு, "அடியில கெட்டியா நிக்குது சார், ஆள் இறங்கினாத்தான் வரும்" என்பார்கள். தண்ணீரைப் பீய்ச்சிக் கலக்கி உறிஞ்சச் சொல்லாதீர்கள், நேரமாகும். தலையாட்டுங்கள். இறங்குகிறவர் கையில் குவார்ட்டருக்குக் காசு கொடுங்கள், அதுதான் நம் ஊர்ப் பாதுகாப்புக் கவசம். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "இப்ப வாடை இல்ல சார்" என்று அவர் சொன்னால் நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

10. இறங்கியவர் கூப்பிட்டும் குரல் கொடுக்கவில்லையா? அவரைத் தூக்க இன்னொருவரை இறக்குங்கள். அவரும் கொடுக்கவில்லை என்றால், அவருடைய அண்ணனோ மச்சானோ லாரிப் பக்கத்தில்தான் நிற்பார். நீங்கள் சொல்லாமலே குதித்துவிடுவார்.

11. பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கினால் முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே, "நான் லாரியைத்தான் கூப்பிட்டேன், ஆளை இறங்கச் சொல்லலை சார்" என்ற வாக்கியத்தை இப்போதே கண்ணாடி முன் நின்று சொல்லிப் பழகுங்கள். இன்ஸ்பெக்டர் எதிரில் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.