போடிமெட்டுச் சுவருக்கு நம்பிக்கை மதிப்பெண் போடுவது எப்படி?

போடியிலிருந்து மெட்டுக்கு ஏறும் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் தடுப்புச் சுவர் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெண்டர் மேஜையில் நீங்கள். பதற வேண்டாம். இத்தனை நாள் செய்ததைத்தான் இன்னும் கொஞ்சம் சுத்தமாகச் செய்யப்போகிறீர்கள்.

1. முடிவை முதலில் எழுதுங்கள். 'மிகுந்த நம்பிக்கை' என்ற மதிப்பெண் எந்தக் கான்ட்ராக்டருக்கு என்று தெரிந்துவிட்டால் மற்ற பக்கங்கள் தாமாக நிரம்பும். டெண்டர் கவரை அப்புறம் பிரிக்கலாம்.

2. 1998ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம், தகுதியுள்ளவர்களில் குறைந்த விலைக்காரரை எடுக்கச் சொல்கிறது. சோர்ந்துவிடாதீர்கள். இரண்டு கவர் முறையில், டெக்னிக்கல் கவரில் தேறாதவரின் விலைக் கவரைப் பிரிப்பதே இல்லை. அவர் எவ்வளவு மலிவாகக் கேட்டிருந்தார் என்பது உங்களுக்கே தெரியாது. நிம்மதியாகத் தூங்கலாம்.

3. அமெரிக்காவைத் துணைக்கு அழையுங்கள். அங்கே கான்ட்ராக்டரின் பழைய வேலையைப் பார்த்து நம்பிக்கை அளவு போடுகிறார்கள். பழைய வேலையே இல்லாதவருக்கு அதைச் சாதகமாகவும் எடுக்கக்கூடாது, பாதகமாகவும் எடுக்கக்கூடாது. காரணத்தைக் கோப்பில் எழுதவும் வேண்டும். நீங்கள் 'நம்பிக்கை' என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. காரணம் எழுதியே தீர வேண்டுமா? 'நல்ல அனுபவம்', 'திருப்திகரமான இயந்திரங்கள்'. போதும். அடித்தளம் எத்தனை அடி இறங்கும், சுவருக்குப் பின்னால் சேரும் மழைத்தண்ணீர் வடிய எங்கே துளை விடுவார் என்றெல்லாம் கேட்டுவிடாதீர்கள். பதில் வந்தால் ஒப்பிட வேண்டிவரும்.

5. போடி ஏலக்காய் ஏலத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். அங்கே வியாபாரி சாம்பிளைக் கொட்டி நிறம் பார்ப்பார், பருமன் பார்ப்பார், காயை உடைத்து மோந்து பார்ப்பார், லிட்டர் எடை கேட்பார். பிறகுதான் விலை சொல்வார். சொந்தப் பணம், பாவம்.

6. மதிப்பீட்டுக் குழு உறுப்பினர் மூவரின் மதிப்பெண் தாளையும் ஒரே பேனாவால் நிரப்பாதீர்கள்.

7. ஐப்பசி மழையில் சுவர் சரிந்தால் மறு டெண்டர் விடுங்கள். அதே கான்ட்ராக்டர் வருவார். மலைச்சாலையில் சுவர் கட்டியதற்கான பணி நிறைவுச் சான்று அவரிடம் இருக்கும், உங்கள் கையெழுத்தோடு. தயங்காமல் 'மிகுந்த நம்பிக்கை' போடுங்கள். சுவர் விழுந்ததற்குச் சான்று கொடுக்கும் வழக்கம் எந்த ஆபீஸிலும் இல்லை.