வேலிக்கதவு விசாரம்

ஸ்காட்லாந்து தேசத்து மலைப்பாதைகளில் சைக்கிள் மிதித்துச் சென்று, இருட்டிய இடத்தில் கூடாரம் அடித்துப் படுக்க விரும்புவோர்க்குரிய ஆசாரங்கள் இதுகாறும் முறைப்படி ஆராயப்படாமல் கிடப்பது வித்துவ உலகத்துக்கே ஒரு குறை என்று கருதி, அந்நாட்டைக் கண்ணால் காணும் பாக்கியம் பெறாத நான் அக்குறையைத் தீர்க்கத் துணிந்தேன். நேரில் கண்டவர்க்கு நடுநிலைமை கெட்டுவிடும் என்பது ஆராய்ச்சியாளரிடையே நெடுங்காலமாக அனுஷ்டிக்கப்பட்டு வரும் கொள்கை.

மூல சூத்திரம் எளிது. 2003-இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் இயற்றிய நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்வோர் யாவர்க்கும் பெரும்பான்மையான நிலங்களில் நடக்கவும், சைக்கிள் விடவும், கூடாரத்தில் தங்கவும் உரிமை தந்தது. அப்பொறுப்பு யாது என்று விளக்க 2005-இல் ஒரு நெறிநூல் நடைமுறைக்கு வந்தது. தெற்கே இங்கிலாந்தில் இத்தனை தாராளம் இல்லை. அங்கே 1968-ஆம் ஆண்டுச் சட்டம் குதிரைப்பாதைகளில் சைக்கிளுக்கு இடங்கொடுத்து, நடப்போர்க்கும் குதிரையேறி வருவோர்க்கும் வழிவிடச் சொல்கிறது. நடைபாதைகளில் அந்த உரிமையும் கிடையாது. குதிரைக்கு வழிவிடுதல்பற்றி ஆராய ஒன்றுமில்லை; குதிரை உதைக்கும்.

மலஜல விதியும் சுருக்கமே: நீர்நிலைக்கு 30 மீட்டராவது அப்பால் சிறு குழி தோண்டி மூடுக. உரை வேண்டாவென்று உரைகாரர் அனைவரும் ஒருமுகமாக உடன்படும் இடம் இஃதொன்றே.

இனி, வேலிக்கதவு. மேய்ச்சல் நிலங்களைக் கடப்போர் கதவைத் தாம் கண்டபடியே விட்டுச் செல்லவேண்டும் என்பது விதி. ஆடுமாடுகள் தண்ணீருக்குப் போய்வரக் குடியானவரே வேண்டுமென்று திறந்துவைப்பதும் உண்டாகையால், கண்ட கதவையெல்லாம் மூடுவது புண்ணியம் ஆகாது. குழந்தைக்கும் விளங்கும் இவ்விதியைக் கற்றோர் கையில் கொடுத்துப் பார்க்கவேண்டும்.

இருவர் ஒருவர்பின் ஒருவராக வருகின்றனர் என்க. முன்னவன் கண்டது மூடிய கதவு. இறங்கி, இரும்புக் கொண்டியைத் தூக்கித் திறந்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு அப்பால் போனான். பின்னவன் கண்டதோ திறந்த கதவு. ஆதலின் அவன் திறந்தபடியே விட்டுச் செல்லக் கடவன் என்பது பூர்வபக்ஷம். அன்று, மூடும் கடன் முன்னவனதே எனின், பின்னவன் கடக்குமுன் மூடினால் அவன் மூக்கை உடைத்த தோஷமும், கடந்தபின் மூடினால் அவன் கண்ட காட்சியைப் பொய்யாக்கிய தோஷமும் முன்னவனைச் சாரும். பத்துப்பேர் வரிசையாக வரின், கதவை முதலில் கண்டவன் மலையுச்சியை எட்டியிருப்பான். கடைசியாள் அறிய, அது மூடியிருந்தது என்பது வெறும் செவிவழிச் செய்தி. செவிவழிச் செய்தியைப் பிரமாணமாகக் கொள்ளலாமா என்பது, இறந்துபட்ட நூலொன்றுக்கு எழுதப்பெற்றுக் கறையானுக்கு இரையாகிய உரையின் கிடைக்காத ஏடொன்றில், அவ்வேட்டைப் பார்த்தவரைப் பார்த்ததாக ஒருவர் சொன்னபடி, மூன்று பக்கம் விவாதிக்கப்பட்டிருக்கிறது. இல்லாத அந்த மூன்று பக்கத்தை மறுத்தெழுதியே பதவி உயர்ந்த பேராசிரியர்களும் உளர், பெயர் கேளற்க.

இவ்வளவும் நடப்பதற்குள் ஆடுகள் பக்கத்துப் பயிரில் புகுந்திருக்கும். அவை பூர்வபக்ஷத்தார் கட்சி என்பதில் ஐயமில்லை. கடைசியில் வருகிறவன் முன்னே போனவனை ஒரு குரல் கூப்பிட்டுக் கேட்டு மூடுக என்பது சித்தாந்தம். இத்தனை எளியதைச் சித்தாந்தமென்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

கூடாரத்துக்கு வருவோம். சிறு கூட்டமாக, ஓரிடத்தில் இரண்டு மூன்று இரவுக்குமேல் தங்காமல், தங்கிய சுவடு தெரியாமல் கிளம்பவேண்டும். இரண்டு மூன்று என்பது இரண்டா, மூன்றா, ஐந்தா என்னும் வினாவை, நிதியுதவி கிடைக்குமாயின், அடுத்த ஆய்வில் எடுத்துக்கொள்வேன்.

புறப்படுவோர்க்கு ஒரு வார்த்தை: லோமண்ட் ஏரியைச் சூழ்ந்த தேசியப் பூங்காவின் சில கரைப்பகுதிகளில், 2017 முதல், ஆண்டுதோறும் மார்ச் 1 தொடங்கிச் செப்டம்பர் 30 முடிய அனுமதிச்சீட்டில்லாமல் கூடாரம் அடிக்கக்கூடாது. மீறினால் அபராதம் உண்டு. இவ்விதிக்கு நான் உரை எழுதவில்லை. சீட்டை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள்.