கார் போகாத காடு

காரை விட்டு இறங்காமலே தேசியப் பூங்காவில் பாதியைப் பார்த்துவிடலாம் என்பது என் மைத்துனரின் சித்தாந்தம். மினசோட்டாவின் வட கோடியில், கனடாவை ஒட்டியிருக்கும் வாயேஜர்ஸ் பூங்கா அதைப் படகுத்துறையிலேயே முடித்துவைத்தது. 1975-இல் உருவான இந்தப் பூங்காவில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு தண்ணீர். ரெய்னி, கபடோகமா, நமேகன், சாண்ட் பாயின்ட் என்று நான்கு பெரிய ஏரிகள், ஐந்நூறுக்கு மேல் தீவுகள். கூடாரம் போட வேண்டுமானால் படகு ஏறியே ஆக வேண்டும். குளிர்காலத்தில் ரெய்னி ஏரி உறைந்ததும் பனிக்கட்டி மேலேயே சாலை அமைத்துக் காரை விடுகிறார்கள். நாங்கள் போனது ஜூலையில்.

நுழைவுக் கட்டணம் கிடையாது என்றதும் மைத்துனர் அமெரிக்க அரசை மனமாரப் பாராட்டினார். படகு வாடகையைக் கேட்டதும் பாராட்டு நின்றது.

பூங்காவின் பெயர், பீவர் தோல் வணிகத்துக்காக இந்த ஏரிகளில் துடுப்புப் போட்ட பிரெஞ்சு கனடியக் கூலியாட்களுடையது. ஐரோப்பியக் கனவான்களின் தொப்பிக்காக இந்தப் பாடு! இரண்டு ஏரிக்கு நடுவே தரை குறுக்கிட்டால், ஆளுக்கு இரண்டு மூட்டை முதுகில் ஏறும். ஒரு மூட்டை 90 பவுண்டு; இரண்டும் சேர்ந்தால் 80 கிலோவுக்கு மேல்.

"கேட்டியாண்ணா?" என்றாள் என் மனைவி. இட்லிப் பாத்திரப் பையைத் தொடவே மறுத்துக்கொண்டிருந்த மைத்துனர், "அவங்களுக்குச் சம்பளம் உண்டும்மா" என்றார்.

தீவில் எங்கள் கூடாரத்துக்குப் பக்கத்தில் ஓர் இரும்புப் பெட்டி. கரடிக்கு எட்டாமல் சாப்பாட்டை அதில் வைக்க வேண்டும். கரடியால் திறக்க முடியாத தாழ்ப்பாள், மைத்துனராலும் முடியவில்லை. புளிசாதம் உள்ளே, நாங்கள் வெளியே. கடைசியில் என் மனைவிதான் ஒரு தட்டுத் தட்டித் திறந்தாள்.

கரடி வரவில்லை, கொசு வந்தது. கூவம் கரையில் வளர்ந்த எனக்கே அது புது அனுபவம். நள்ளிரவில் மாநிலப் பறவையான லூன் நீளமாக ஓலமிட, "ஓநாயா மாப்ளே?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "பறவைதான்" என்றேன். ஓநாயும் இந்தக் காட்டில் உண்டு என்பதை விடிந்தபிறகுதான் சொன்னேன்.

மறுநாள் கெட்டில் ஃபால்ஸ். எல்லைக்கோடு அங்கே வளைந்து போவதால், கனடாவைப் பார்க்கத் தெற்கே திரும்ப வேண்டும். மைத்துனர் போனில் திசைகாட்டியைப் பார்த்தார், போனை உதறினார், மறுபடி பார்த்தார்.

போகிறவர்கள் கூடார இடத்தை முன்பதிவு செய்துகொள்ளுங்கள். கொசுவலைத் தொப்பி கட்டாயம். பெட்டியின் தாழ்ப்பாளைப் பசிக்கும் முன்பே ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.