கல்லூரி காண் படலம்: எல்லைப்புற நோக்கில் ஒரு பன்முகப் பார்வை

பிளஸ் டூ பிள்ளைகளைக் கூட்டமாகக் கல்லூரி பார்க்க அழைத்துப் போகுமுன் எப்படி ஆயத்தப்படுத்துவது என்பது பற்றித் தமிழில் முறையான ஆய்வு இல்லை. கல்வெட்டில் கத்தரிக்காய் வருகிறதா என்று கருத்தரங்கு கூட்டுவோரும் இதை விட்டுவைத்தது விந்தையே. அக்குறை இன்றோடு தீர்ந்தது.

ஆய்வெல்லை: பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை ஒரு பக்கம், இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு மறுபக்கம். 1956 நவம்பர் 1-இல் கேரளம் பிறந்தபோது இங்கிருந்த தமிழர் யாரும் வீடு மாறவில்லை. ஆகவே இப்பகுதி மாணவருக்கு மொழி மூன்று: வீட்டுக்குத் தமிழ், ஆபீசுக்கு மலையாளம், பயத்துக்கு இங்கிலீஷ்.

செல்லிடம்: (அ) பாலக்காடு அரசு விக்டோரியா கல்லூரி. 1866-இல் பள்ளியாகத் தொடங்கி, 1888-இல் கல்லூரியானது. டி.என். சேஷனும் இ. ஸ்ரீதரனும் இங்கே படித்தவர்கள். இருவரும் முன்கூட்டி டூர் வந்து பார்த்ததாகச் சான்றில்லை. (ஆ) சித்தூர் அரசுக் கல்லூரி, 1947. தமிழ்த்துறை உண்டு. (இ) மூணாறு அரசுக் கல்லூரி. 2018 மண்சரிவில் கட்டடம் போயிற்று. கல்லூரி வேறு, கட்டடம் வேறு என்னும் தத்துவத்தைக் கற்க உகந்தது. (ஈ) 2015-இல் வந்த பாலக்காடு ஐ.ஐ.டி. வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள.

வகைப்பாடு:

வரிசை வாந்தி வணக்கம் வினாவென
உரைசால் ஆயத்தம் ஒருநான் காகும்

என்பது நூற்பா. இதை இயற்றியவர் இவ்வாய்வாளரே; தொன்மை தோன்றுவதற்காக, ஏட்டின் ஓரத்தைக் கறையான் அரித்ததாகக் கொள்க.

1. வரிசை. உயரப்படி நிற்பது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் கலைவது.

2. வாந்தி. எலுமிச்சம்பழம்.

3. வணக்கம். வணக்கமா, நமஸ்காரமா, குட்மார்னிங்கா என்று மூன்று நாள் ஒத்திகை நடக்கும். அன்று காலை மூன்றும் சேர்ந்து ஒரே ஒலியாக வரும். அதன்பின் தொடங்குவது பொருண்மயக்கம். தொல்காப்பியர் சொல்லை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக்கினார். திசைச்சொல் எவ்வளவு ஆபத்தானது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார். 'பிரியப்பட்ட குட்டிகளே' என்று வரவேற்புரை தொடங்கியதும், ஆட்டுக்குட்டி நினைவில் பின்வரிசை சிரித்தது. குளிரில் நடுங்கிய ஒருவனிடம் பேராசிரியர் பரிவோடு, 'பனியுண்டோ மோனே?' என்றார். 'மூணாறுல எப்பவும் பனிதான் சார்' என்றான். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். அவனுக்கு உடனே பாரசிட்டமால் வழங்கப்பட்டது.

4. வினா. இதுவே இவ்வாய்வின் உயிர். எல்லாக் கல்லூரியிலும் கடைசியில், 'யாருக்காவது ஏதாவது கேட்கணுமா?' என்பார்கள். அப்போது கூட்டம் மௌனமாக நின்றால் பள்ளியின் மானம் போகும். எனவே முன்கூட்டியே ஒரு வினா தயாரித்து, துணிச்சலான ஒருத்தியிடம் ஒப்படைப்பது மரபு. நாம் ஆராயும் வினாவுக்கு நான்கு பாடங்கள் கிடைத்துள்ளன.

மூலபாடம்: மாணவியின் நோட்டில் கடைசிப் பக்கம், பென்சில் எழுத்து, சிவப்பு மையால் அடிக்கப்பட்டது. பின்னர்க் காண்க.

இரண்டாம் பாடம்: 'இந்தக் கல்லூரிக்கு நாக் மதிப்பீட்டில் என்ன கிரேடு?' ஸ்டாஃப் ரூமில், டீச்சர்கள் நால்வரின் கூட்டு முயற்சியில் மலையாளத்தில் ஆக்கப்பட்டது.

மூன்றாம் பாடம்: 'வாட் ஈஸ் த விஷன் ஆஃப் யுவர் இன்ஸ்டிடியூஷன்?' பஸ்ஸில் மனப்பாடம் செய்விக்கப்பட்டது. ஒவ்வொரு வளைவிலும் ஒரு சொல் உதிர்ந்தது.

இறுதிப்பாடம்: 'சார், பாத்ரூம் எங்க?'

இதில் உரையாசிரியர்கள் கடுமையாக மாறுபடுகின்றனர். இறுதிப்பாடம் இடைச்செருகல் என்பது பஸ் டிரைவர் கொள்கை (நேர்காணல், ஹாரன் ஒலிகளுக்கு இடையே). இல்லை, நான்கு பாடங்களில் உள்ளத்திலிருந்து வந்தது அது ஒன்றே என்று மறுப்பார் கிளீனர் (வாய்மொழி, செக்போஸ்ட் டீக்கடை, இரண்டாம் டீக்கும் மூன்றாம் வடைக்கும் நடுவே; எண்ணெய் படிந்த பேப்பரின் பின்புறம் குறித்தது; அச்சேறவில்லை). இவ்விரண்டையும் சமன்செய்து, 'விஷன் என்றால் கண் பார்வைதானே, பாத்ரூம் கண்ணில் படாததால் கேட்டாள்' என்பது பி.டி.ஏ. பிரமுகர் ஒருவரின் விருத்தியுரை (பின்சீட்டின் முதுகில் காம்பஸ் முனையால் பொறித்த சாசனம், இடப்புறம், 'க + ர' என்னும் காதற் கல்வெட்டுக்குச் சற்றுக் கீழே, சில எழுத்துகள் சிதைந்துள்ளன). ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டி மூவரும் பதவி உயர்வு பெறுவது நம் துறையின் வழக்கம். டிரைவருக்கும் கிளீனருக்கும் அந்த வசதி இல்லாததால் அவர்கள் உண்மையைத் தேடவேண்டியிருக்கிறது.

முடிவுரை: மூலபாடத்தைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் சிவப்பு மைக்கு அடியில் இப்படித் தெரிகிறது: 'அம்மாவுக்கு எஸ்டேட்ல நாள்கூலி சார். ஹாஸ்டல் பீஸை மாசாமாசம் கட்டலாமா? தமிழ் மீடியம் படிச்சவங்க இங்கே பாஸாகுறாங்களா?'

அன்று அந்த வளாகத்தில் கேட்டிருக்கவேண்டிய கேள்வி இவை இரண்டுதான். அவை கேட்கப்படவில்லை. அடித்த சிவப்பு மை இவ்வாய்வாளருடையது. 'இதெல்லாம் அங்கே போய்க் கேட்கிறதா?' என்று ஓரக்குறிப்பும் அவர் கையெழுத்தே.

ஆசிரியப் பெருமக்களே, அடுத்த டூருக்கு எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்புப் பேனாவை வீட்டில் வைத்துவிடுங்கள்.