ஸ்கேலோடு ஒரு முனைவர் பட்டம்

தமிழ் நாளிதழ்களில் பெண்கள் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்று ஆராய, இதழியல் மாணவருக்கு முதலில் வேண்டியது ஒரு ஸ்கேல். பழைய பேப்பர் கட்டைப் பிரித்து, செய்தி செய்தியாக நீள அகலம் அளந்து எக்செலில் ஏற்ற வேண்டும். வகைப்படுத்தியது சரிதானா என்று இன்னொருவரும் தனியே செய்து பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த இன்னொருவர் பெரும்பாலும் விடுதி அறைத்தோழர்; கூலி, இரண்டு பரோட்டா. இருவர் கணக்கும் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போகும் அதிசயத்தைப் பற்றி கைடு வாயே திறப்பதில்லை.

ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் எல்லோரும் அமெரிக்காவின் சேப்பல் ஹில்லுக்குப் போய்வருவார்கள். 1968 தேர்தலின்போது ஆய்வாளர்கள் மெக்கோம்ப்சும் ஷாவும் அங்கே 100 வாக்காளர்களைக் கேட்டறிந்து, எது முக்கியம் என்று மக்கள் நினைப்பதில் ஊடகங்களுக்குள்ள பங்கைப் பற்றி எழுதிய கட்டுரை 1972-இல் வந்தது. கோலப் பக்கத்தை அளக்கவும் அதுவே துணை.

சிக்கல் தினத்தந்தியின் ‘கன்னித்தீவு’ படக்கதையில் வரும். மந்திரவாதி மூசா சின்னஞ்சிறு உருவமாக்கிவிட்ட இளவரசி லைலாவை எந்த வகையில் சேர்ப்பது? ஊடகங்கள் பெண்களைச் சுருக்கிக் காட்டுகின்றன என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று கிடைக்காது. ஆனாலும் அவள் போய்ச் சேர்வது ‘இதர’ என்ற கட்டத்தில்தான்.

கடைசியில் பத்திரிகை ஆசிரியர்களுக்குப் பரிந்துரைகள். அவர்கள் படிப்பார்களா என்பது வேறு ஆராய்ச்சி. வாய்மொழித் தேர்வுக்கு வரும் வெளியூர்ப் பேராசிரியருக்கோ ஒரே சந்தேகம்: “பக்க எண்ணை ஏன் நடுவில் போட்டிருக்கிறீர்கள்?”