மதியம் எட்டு மணி

2006 அக்டோபரில் எத்தியோப்பியாவின் கோண்டர் நகரில் போய் இறங்கியபோது என் பெட்டியில் இரண்டு இலக்கணப் புத்தகங்கள், ஒரு அகராதி, இரண்டு கிலோ பருப்புப் பொடி. கூடவே, ஆப்பிரிக்காவுக்கே ஆங்கிலம் கற்றுத்தரப் போகிறோம் என்கிற மிதப்பு. விமான நிலையத்தில் அதை மட்டும் எடை போடவில்லை.

இறங்கிய அன்றே எனக்கு ஏழு வயது குறைந்துவிட்டது. அவர்கள் நாட்காட்டியில் அது 1999. வருடத்துக்கு 13 மாதம். கடைசி மாதத்துக்கு ஐந்தே நாள், லீப் வருடத்தில் ஆறு.

முதல் வகுப்பு இரண்டு மணிக்கு என்றார்கள். சாப்பிட்டுவிட்டு, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு இரண்டுக்குப் போய் நின்றேன். ஈ காக்கை இல்லை. ஊழியர் ஒருவர் பொறுமையாகச் சொன்னார்: "வகுப்பு காலையிலேயே முடிஞ்சுபோச்சு சார். இப்போ மணி எட்டு."

அங்கே பொழுது விடிந்ததிலிருந்துதான் மணியை எண்ணுவார்கள். நம் காலை ஏழு அவர்களுக்கு ஒன்று; நம் எட்டு அவர்களுக்கு இரண்டு. 'நேரம்கூடத் தெரியாத ஊர்' என்று அன்றிரவு வீட்டுக்கு எழுதிப்போட்டேன்.

அடுத்தது வருகைப்பதிவு. மரியாதையாக இருக்கட்டும் என்று மாணவர்களை இரண்டாவது பெயரால் கூப்பிட்டேன். வகுப்பே சிரித்தது. அது அவரவர் அப்பாவின் பெயராம். அங்கே குடும்பப் பெயர் கிடையாது. "புரிகிறதா?" என்று கேட்டால் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சைச் சுருக்கென்று உள்ளே இழுப்பார்கள். பயந்துவிட்டார்கள் என்று நினைத்து ஒரு வாரம் குரலைத் தாழ்த்திப் பாடம் நடத்தினேன். அப்படி இழுத்தால் 'ஆமாம்' என்று அர்த்தம்.

சனிக்கிழமைகளில் வீட்டுக்காரம்மாவின் மகனுக்கு இலவச வகுப்பு. அம்மா தரையில் பச்சைப் புல்லைப் பரப்பி, கரியடுப்பில் காப்பிக்கொட்டையைக் கண்ணெதிரே வறுத்து, அந்தப் புகையை ஒவ்வொருவர் முகத்துக்கும் காட்டுவார். பிறகு உரலில் இடித்து, ஜெபனா என்கிற மண்கூஜாவில் கொதிக்கவைத்துப் பிடியில்லாத சின்னக் கிண்ணங்களில் ஊற்றுவார். முதல் கிண்ணம் முடிந்ததும் எழுந்தேன். கையைப் பிடித்து உட்காரவைத்தார். அபோல், தோனா, பரக்கா என்று மூன்று சுற்று. பரக்கா என்றால் ஆசி. ஆசி வாங்காமல் எழுந்து போகிறவன் என்ன விருந்தாளி? பையன் பிரசன்ட் பெர்ஃபெக்ட்டைப் படித்து முடித்தான். நான் மூன்று முறை கடிகாரம் பார்த்தேன்.

இப்போது தென்காசியில் ஓய்வு. டிகாஷனைக் கலந்து, நின்றபடியே, செல்போனைப் பார்த்தபடியே இரண்டு நிமிடத்தில் காப்பி முடிந்துவிடுகிறது. ஆசைக்கு இன்னொன்று கேட்டால் "பித்தம் ஏறும்" என்கிறாள் மனைவி. சரி என்பதற்கு மூச்சை உள்ளே இழுக்கிறேன். "இன்ஹேலர் எடுத்துட்டு வரவாப்பா?" என்கிறாள் மகள்.

போன மாதம் பேரனின் ஜாதகத்தைப் புரட்டியபோது 'உதயாதி நாழிகை' என்ற சொல் கண்ணில் பட்டது. எங்கள் ஆச்சி சூரியன் உதித்ததிலிருந்துதான் நாழிகை எண்ணுவாள். உதித்து ஐந்து நாழிகை என்றால் இரண்டு மணி நேரம். அதாவது, நான் தவறவிட்ட அதே வகுப்பு. அப்பா பெயரைப் பேருக்கு முன்னால் ஓர் எழுத்தாகச் சுமந்துகொண்டு போனவன்தான் அவர்கள் அப்பா பெயரைக் கேட்டு விழித்தேன். மாவைப் புளிக்கவைத்து தோசை வார்க்கிற ஊரிலிருந்து போய்த்தான், அவர்கள் ஊர் தோசையான இஞ்ஜெரா புளிக்கிறது என்று முகம் சுளித்தேன். விநோதம் என்று சிரித்ததில் பாதி ஆச்சி வீட்டில் இருந்ததுதான்.

என் மாணவர்களில் எத்தனை பேருக்கு பிரசன்ட் பெர்ஃபெக்ட் நினைவிருக்கும், தெரியாது. சம்பளமும் வாங்கிக்கொண்டு பாடமும் படித்துவிட்டு வந்தவன் நான்தான்.